குவாரியில் ஆபத்தை அறிதலும் உரைத்தலும்: பினாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் சாலையின் முடிவில் உள்ள பினாங்குத் தாவரவியல் பூங்கா, 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில், கருங்கல் வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட ஒரு குவாரியின் நிலத்தில் உருவாக்கப்பட்டது. தைப்பூசத்தன்று காவடியோடும் பால்குடத்தோடும் அந்தப் பகுதிக்கு வந்து சேரும் பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர், அந்த மலையடிவாரம் ஒருகாலத்தில் உளியும் சம்மட்டியும் ஒலித்த பணியிடம் என்பதை அறியமாட்டார்கள். அந்நாளில் கல் உடைத்தவர்களில் எத்தனை பேருக்குக் கை நசுங்கியது, எத்தனை பேருக்குக் கண் போயிற்று, எத்தனை பேர் இருமி இருமி ஊர் திரும்பினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கல் மட்டும் சாலையாகவும் சுவராகவும் நிலைத்து நிற்கிறது.

மலையின் கல் நகரத்துக்குத் தேவைப்படுவது அன்றோடு முடியவில்லை. 1985இல் திறக்கப்பட்ட பினாங்கின் முதற்பாலமும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும், கடலைத் தூர்த்து எழுந்த புதிய கரைகளும், அடுக்குமாடிகளும் ஜல்லியும் கருங்கல்லும் இன்றி உருவாகியிருக்க முடியாது. கல்லைத் தரும் தொழில், சுரங்கத் தொழிலின் ஒரு பிரிவாகும். நிலத்துக்கு அடியில் குடைந்து செல்லாமல், மேலிருந்து மண்ணையும் பாறையையும் அகற்றி, வெட்டவெளியில் கனிமத்தை எடுக்கும் முறைக்குத் திறந்தவெளிச் சுரங்கம் என்று பெயர். கருங்கல் குவாரியும், கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்கமும், ஈப்போவின் சுண்ணாம்புக்கல் குவாரியும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் இவ்வகையைச் சேர்ந்தவை.

நிலத்தடிச் சுரங்கத்தைப் போல நச்சு வாயுவும் இருளும் கூரைச் சரிவும் இங்கு இல்லாததால், திறந்தவெளிச் சுரங்கம் ஆபத்துக் குறைந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியும் என்று கருதுவதும் இயல்பே. எனினும், கண்ணுக்குத் தெரிவது வேறு, அறிந்துகொள்வது வேறு, அறிந்ததை அச்சமின்றி எடுத்துச் சொல்வது வேறு. இம்மூன்றும் ஒன்றோடொன்று இணையும்போதுதான் உயிர் காக்கப்படுகிறது என்பதையும், மூன்றாவது படியே இன்று மிகவும் பலவீனமாக இருக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீங்கும் இடரும்

பணியிடப் பாதுகாப்புப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் சொற்குழப்பத்திலேயே தடுமாறி நிற்கிறது. ஆபத்து, அபாயம், இடர், விபத்து ஆகிய சொற்கள் அன்றாடப் பேச்சில் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வழங்கினாலும், பாதுகாப்புத் துறையில் அவற்றைப் பிரித்து அறிவது அவசியமாகும். உடலுக்கோ உயிருக்கோ கேடு விளைவிக்கக்கூடிய பொருள், நிலை அல்லது செயல் எதுவாயினும் அது தீங்குக் காரணி எனப்படும். பாறை முகத்தில் தொங்கும் தளர்ந்த கல் ஒரு தீங்குக் காரணி. அந்தக் கல் விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் விளையும் கேடு எத்தகையது என்ற இரண்டையும் சேர்த்து மதிப்பிட்டுக் கிடைப்பது இடர் எனப்படும். கீழே எவரும் செல்லாதபடி வேலியிட்டுவிட்டால் கல் அங்கேயே இருக்கும், இடர் குறைந்துவிடும். கல்லையே தட்டி விழச்செய்து அகற்றிவிட்டால் தீங்குக் காரணியும் நீங்கிவிடும்.

மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த மதிப்பீட்டை எளிய பெருக்கலாக அமைத்துள்ளது. வாய்ப்புக்கு 1 முதல் 5 வரையிலும், கேட்டின் கடுமைக்கு 1 முதல் 5 வரையிலும் எண்கள் அளிக்கப்பட்டு, இரண்டும் பெருக்கப்படும்போது 15க்கும் 25க்கும் இடைப்பட்ட விடை உயர் இடராகவும், 5க்கும் 12க்கும் இடைப்பட்டது நடுத்தர இடராகவும், 4க்கு உட்பட்டது தாழ் இடராகவும் கொள்ளப்படும். இம்முறையின் பயன் அதன் எளிமையில் உள்ளது. அதன் குறையும் அங்கேயே உள்ளது. பாறை முகத்தை நாள்தோறும் பார்ப்பவரின் அறிவு இல்லாமல் அலுவலக மேசையில் இடப்படும் எண்கள், படிவத்தை நிரப்புமேயன்றி மலையை அளக்கமாட்டா.

இடரைக் குறைக்கும் வழிகளுக்கும் ஒரு வரிசைமுறை உண்டு. தீங்குக் காரணியை அடியோடு அகற்றுதல், அதற்குப் பதிலாகத் தீங்கு குறைந்ததைப் பயன்படுத்துதல், தடுப்புகளும் எந்திர அமைப்புகளும் கொண்டு மனிதரை அதனிடமிருந்து பிரித்தல், விதிகளாலும் பயிற்சியாலும் வேலைமுறையை மாற்றுதல், இறுதியாகத் தலைக்கவசமும் முகக்கவசமும் போன்ற தற்காப்புச் சாதனங்களை அணிவித்தல் என்பதே அவ்வரிசை. நடைமுறையில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே பின்பற்றப்படுகிறது. தலைக்கவசம் கொடுத்ததோடு கடமை முடிந்ததாகக் கருதும் போக்கு, மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் ஒன்றுபோலவே காணப்படுகிறது.

கல்லின் இயல்பே ஆபத்தின் இயல்பு

எந்தக் குவாரியில் எந்த ஆபத்து தலையெடுக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அங்குள்ள கல்லேயாகும். பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. பூமியின் ஆழத்தில் குழம்பாக இருந்து குளிர்ந்து இறுகிய இந்தக் கல், தன் மேலிருந்த பாரம் நீங்க நீங்க, வெங்காயத்தின் தோல்போல மலைச்சரிவுக்கு இணையாகப் பிளந்துகொள்கிறது. மேற்பகுதி வெப்பத்திலும் மழையிலும் சிதைந்து செம்மண்ணாகி, அந்த மண்ணுக்குள் சிதையாத பெரும் உருண்டைப் பாறைகள் ஆங்காங்கே புதைந்து நிற்கின்றன. மேல்மண்ணை வெட்டும்போது இந்த உருண்டைகள் பிடிப்பிழந்து உருளுகின்றன. உள்ளே உள்ள பாறையை வெட்டும்போது சரிவுக்கு இணையான பிளவுகள் வழியே பலகைகளாகக் கல் வழுக்குகிறது. கருங்கல்லின் முதன்மைக் கனிமங்களுள் ஒன்று குவார்ட்ஸ் என்பதால், அதை உடைக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைப்பதும் இதன் தனி இயல்பாகும்.

ஈப்போவின் சுண்ணாம்புக்கல் இதற்கு மாறானது. அதில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் மழைநீர் அதைக் கரைத்து, உள்ளே குகைகளையும் பொந்துகளையும் உண்டாக்கி, செங்குத்தான சுவர்களை அடிப்பிடிப்பின்றி நிற்கவைக்கிறது. 1973 அக்டோபரில் ஈப்போவின் குனோங் செரோ மலையிலிருந்து பிரிந்து விழுந்த பெரும் பாறை, அடிவாரத்துக் குடியிருப்பில் இருந்த சுமார் 40 பேரின் உயிரைப் பறித்தது. அது நேர்ந்தது குடியிருப்பில் என்றாலும், சுண்ணாம்புக்கல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு அது மறக்கக்கூடாத சான்றாகும். 2022 மார்ச் 8ஆம் நாள் ஈப்போவுக்கு அருகே கெராமாட் பூலாயில் உள்ள ஒரு குவாரியில் பாறைகள் சரிந்து, மண்தோண்டும் எந்திரங்களை இயக்கிக்கொண்டிருந்த இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

பாறை முகமும் அதன் அறிகுறிகளும்

திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டப்பட்ட சுவரைப் பாறை முகம் என்பர். அதை ஒரே செங்குத்துச் சுவராக விடாமல், மாடிப்படிபோல வெட்டி, ஒவ்வொரு படிக்கும் போதிய அகலம் விட்டுச் செல்வதே அடிப்படைப் பாதுகாப்பு முறையாகும். மேற்படியிலிருந்து உருளும் கல்லைக் கீழ்ப்படி தாங்கிக்கொள்ளும். எந்திரம் நிற்கவும் ஆள் ஒதுங்கவும் அங்கே இடம் இருக்கும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், இளகிய மண்ணில் படியின் உயரம் 1.5 மீட்டரை மிஞ்சக்கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக்கூடாது என்று வகுத்திருக்கின்றன. விதி தெளிவாக உள்ளது. ஆயினும் குத்தகை நிலத்தின் எல்லைக்குள் இயன்றவரை கல்லை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில், படிகள் குறுகிக் குறுகி, இறுதியில் சுவர் மட்டுமே மிஞ்சுகிறது.

திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே 14ஆம் நாள் இரவு நிகழ்ந்தது இதன் கொடிய எடுத்துக்காட்டாகும். முந்நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழமுடைய கல்குவாரியின் அடித்தளத்தில் ஆறு பேர் இருந்தபோது மேலிருந்து பாறை சரிந்தது. இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர், நால்வர் மாண்டனர். மீட்க இறங்கியவர்களுக்கும் மேலிருந்து தொடர்ந்து கல் விழுந்துகொண்டிருந்ததால் பணி பலமுறை தடைப்பட்டது. படிகள் இல்லாத ஆழம், விபத்தை உண்டாக்குவதோடு நின்றுவிடாமல் மீட்பின் வழியையும் அடைத்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 மே 20ஆம் நாள், சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் ஒரு குவாரியில் பாறை சரிந்து குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

மழை பெய்யும் ஊர்களில் இந்த ஆபத்து இருமடங்காகிறது. பிளவுக்குள் இறங்கும் நீர் பாறையை உள்ளிருந்து தள்ளுகிறது. மண்ணைக் கனமாக்கி அதன் பிடிப்பைக் கரைக்கிறது. 2017 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்களும், ஏறத்தாழ ஓராண்டு நிறையும் வேளையில், 2018 அக்டோபர் 19ஆம் நாள், புக்கிட் குகுஸ் சாலைப் பணியிடத்தில் மண் சரிந்து 9 தொழிலாளர்களும் உயிரிழந்தனர். இவை குவாரிகள் அல்ல; ஆயினும் வெட்டப்பட்ட மலைச்சரிவுக்குக் கீழே மனிதரை நிறுத்தும் வேலை என்ற வகையில் இரண்டும் குவாரியோடு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நிலத்தடி நீரின் வல்லமையை நெய்வேலி வேறொரு வகையில் காட்டுகிறது: அங்கே நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருக்காவிட்டால், சுரங்கத்தின் தளமே பொங்கி உடைந்துவிடும்.

வெட்டியெடுத்த கழிவு மண்ணைக் குவிக்கும் மேடும் பாறை முகத்துக்குச் சற்றும் குறையாத ஆபத்தாகும். ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஜ்மகல் நிலக்கரிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29ஆம் நாள் மண்மேடு சரிந்து 23 பேர் மாண்டனர்; மியன்மாரின் பாகாந்து பச்சைமணிக்கல் சுரங்கப் பகுதியில் 2020 ஜூலை 2ஆம் நாள் கனமழையில் சரிந்த கழிவுமேடு 170க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் முன்னறிகுறி காட்டாமல் வருவதில்லை. பாறை முகத்தின் மேல்விளிம்பை ஒட்டி அதற்கு இணையாக ஓடும் புதிய விரிசல் முதல் அறிகுறியாகும். பழைய விரிசலின் ஓரங்கள் பாசியும் தூசியும் படிந்து மழுங்கியிருக்கும், புதியதன் ஓரங்கள் கூர்மையாகவும் தூய்மையாகவும் இருக்கும், குறுக்கே ஓடிய புல்வேர்கள் இழுபட்டு அறுந்து நிற்கும். முன்பு தெளிந்த நீர் கசிந்த இடத்தில் கலங்கல் நீர் வருவதும், காற்றோ எந்திர அதிர்வோ இல்லாதபோது சிறுகற்கள் சரசரவென உதிர்வதும், சாய்ந்து நிற்கும் மரமும், தளத்தில் புடைத்தெழும் மண்ணும் மேலும் சில அறிகுறிகள். பாறையின் உறுதியைச் செவியாலும் அறியலாம். நீண்ட கடப்பாரையால் தட்டும்போது உறுதியான கல் கணீரென்று ஒலிக்கும். பின்புறம் பிரிந்து நிற்கும் கல் பொக்கென்று மங்கி ஒலிக்கும். பல தலைமுறைகளாகக் கல்லோடு வாழ்ந்தவர்களின் காதில் பதிந்திருக்கும் இந்த வேறுபாடு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் தனிக் கட்டமாக இடம்பெறுவதில்லை.

அறிகுறியை மதித்தால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பிங்காம் கேன்யன் செப்புச் சுரங்கம் விடையளிக்கிறது. அங்கே சுவர் நகர்வதை ராடார் முதலிய கருவிகள் வாரக்கணக்கில் அளந்து காட்டின. நகர்வின் வேகம் கூடியதும் வேலை நிறுத்தப்பட்டு அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 2013 ஏப்ரல் 10ஆம் நாள் இரவு, வரலாறு கண்ட மாபெரும் சுரங்கச் சரிவுகளுள் ஒன்று அங்கே நிகழ்ந்தது. எந்திரங்கள் புதைந்தன, ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. கருவி அளந்ததைக் கேட்டு வேலையை நிறுத்தும் மனம் நிர்வாகத்துக்கு இருந்தது என்பதே இதன் பாடம்; விரிசலைக் கண்டு சொல்லும் மனிதக் குரலுக்கும் அதே மதிப்பு அளிக்கப்பட வேண்டும்.

வெடி, ஊர்தி, எந்திரம்

கடினப் பாறையைப் பிளக்கத் துளையிட்டு வெடிமருந்து நிரப்பி வேட்டு வைப்பது குவாரியின் அன்றாட வேலையாகும். அம்மோனியம் நைட்ரேட்டுடன் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு டீசல் சேர்த்த கலவை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வேட்டின்போது எதிர்பாராத தொலைவுக்குத் தெறிக்கும் கல், நச்சுப் புகை, நில அதிர்வு ஆகியவை முதல்வகை ஆபத்துகள். வெடிக்காமல் துளைக்குள் தங்கிவிட்ட மருந்து இரண்டாம் வகை. அது தெரியாமல் அருகே துளையிடுபவருக்கோ, குவியலை அள்ளும் எந்திர ஓட்டுநருக்கோ அதுவே எமனாகிறது. இடிமின்னல் மிகுந்த மலேசியாவில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மின்சாரத் தூண்டிகள் இணைக்கப்பட்ட நிலையில் மின்னல் தாக்கினால் வேட்டு தானாகவே வெடித்துவிடக்கூடும் என்பதால், வானம் இருண்டதும் மருந்து நிரப்புவதை நிறுத்தி ஆட்களை விலக்குவது கட்டாயமாகும். வெடிமருந்தைச் சேமிக்கும் இடமும் ஆபத்துக்கு விலக்கல்ல; விருதுநகர் மாவட்டம் ஆவியூர் அருகே 2024 மே 1ஆம் நாள் ஒரு குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்து மூவர் உயிரிழந்தனர்.

வேட்டைவிட அன்றாடம் உயிர்பறிக்கும் ஆற்றல் ஊர்திகளுக்கு உண்டு. பெரிய கல் லாரியின் ஓட்டுநருக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் பல அடி தூரம் எதுவும் தெரியாது. அந்தக் குருட்டுப் பகுதியில் நிற்கும் மனிதரோ சிற்றுந்தோ அவர் கண்ணுக்கு இல்லாதவைதாம். பின்னோக்கிச் சென்று மேட்டின் விளிம்பில் கல்லைக் கொட்டும்போது விளிம்பு இடிந்து லாரி கவிழ்வது மற்றொரு பழகிய விபத்து. விளிம்புக்குச் சற்று முன்பே கொட்டி, புல்டோசரால் தள்ளிவிடுவதும், பாதையின் ஓரமெங்கும் தடுப்பு மண்வரம்பு அமைப்பதும் இதைத் தவிர்க்கும் வழிகளாகும். அவ்வழியில் செல்லும் மிகப் பெரிய ஊர்தியின் சக்கர அச்சின் உயரத்துக்கேனும் அவ்வரம்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு விதி.

கல் அரைக்கும் ஆலையில் ஓடும் வார்ப்பட்டை, அதாவது கன்வேயர், எவரையும் அச்சுறுத்தாத தோற்றமுடையது. அதன் கடைசி உருளையில் ஒட்டிய மண்ணை, பட்டையை நிறுத்தாமல் மண்வெட்டியால் சுரண்டப்போகும் நொடியில், கருவியோடு கையையும் கையோடு உடலையும் அது இழுத்துக்கொள்கிறது. சுழலும் பகுதிக்குக் கூண்டிடுவதும், பழுதுபார்க்கும் முன் மின்விசையை அணைத்து, பழுதுபார்ப்பவரே அதற்குத் தம் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதும் இதற்கு மருந்து. சாவி மேற்பார்வையாளரின் மேசையில் கிடந்தால் அந்தப் பூட்டுக்குப் பொருளில்லை.

தூசி: மெல்லக் கொல்லும் தீங்கு

பாறைச் சரிவு மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. தூசியால் நேரும் சாவு எந்தச் செய்தியிலும் வருவதில்லை. கருங்கல்லைத் துளைக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் தூசியில், கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியேறிவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும் குறைந்த துகள்களே நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை செல்கின்றன. அங்கே படியும் குவார்ட்ஸ் துகளை உடல் கரைக்க இயலாமல், அதைச் சுற்றித் தழும்பை வளர்க்கிறது. தழும்பு பெருகப் பெருக நுரையீரல் விரியும் திறனை இழக்கிறது. சிலிக்கோசிஸ் என்ற இந்நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. காசநோய்க்கு அது வாயிலாகவும் அமைகிறது. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

துண்டை மூக்கில் சுற்றிக் கட்டிக்கொள்வது தமிழ்த் தொழிலாளரிடையே காலங்காலமாக உள்ள பழக்கம். அது கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுத்து மனநிறைவு தருகிறது. கொல்லும் துகளைத் தடுப்பதில்லை. துளையிடும்போது நீர் பாய்ச்சுவது, அரைக்கும் இடத்தில் நீர்த்திவலை தெளிப்பது, எந்திர ஓட்டுநரின் அறையை மூடி வடிகட்டிய காற்றைச் செலுத்துவது ஆகியவையே முதன்மைத் தடுப்புகள். உரிய வடிகட்டித் திறனுடைய முகக்கவசம் அவற்றுக்குத் துணை மட்டுமே. இரைச்சலும் இதுபோலவே ஓசையின்றி வேலை செய்யும் தீங்காகும்; மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குமுறைகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்ற எல்லையை வகுத்துள்ளன. இழந்த செவித்திறன் திரும்புவதில்லை என்பதோடு, செவி மங்கியவர் பொக்குக் கல்லின் ஒலியையும், பின்வரும் லாரியின் எச்சரிக்கை மணியையும் கேட்கமாட்டார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சட்டம் தந்திருப்பது

மலேசியாவில் குவாரியை ஒரே துறை மேற்பார்வையிடுவதில்லை. குவாரி உரிமம் மாநில அரசின் நில நிர்வாகத்திடமும், தொழில்நுட்பக் கண்காணிப்பு கனிம, புவி அறிவியல் துறையிடமும், வெடிமருந்து 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காவல்துறையிடமும், தொழிலாளர் பாதுகாப்பு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடமும் உள்ளன. பல கண்கள் பார்க்கும் இடத்தில் ஒரு கண்ணும் முழுமையாகப் பார்க்காமல் போகும் வாய்ப்பு உண்டு என்பதை இவ்வமைப்பில் கவனத்தில் கொள்ள வேண்டும்.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பிரிட்டனில் 1972இல் வெளிவந்த ரோபன்ஸ் குழு அறிக்கையின் சிந்தனையைத் தழுவியது. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனி விதி எழுதுவதைக் காட்டிலும், ஆபத்தை உண்டாக்குபவரே அதை நிர்வகிக்கப் பொறுப்பாவார், அதனோடு வேலை செய்பவரும் அதில் பங்கு பெறுவார் என்பதே அச்சிந்தனையின் சாரம். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அடங்கிய பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது.

2024 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இச்சட்டத்தை மேலும் வலுவாக்கின. முதலாளியின் கடமை மீறலுக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இடர் மதிப்பீடு சட்டக் கடமையானது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், தனிப் பாதுகாப்பு அதிகாரி இல்லாதபோது, ஓர் ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட வேண்டும் என்றாயிற்று. இவற்றினும் முக்கியமானது 26ஏ பிரிவு: உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் உள்ளபோது, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம், அதற்காக அவர் பாதிக்கப்படக்கூடாது. 1995ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கையிலும் இவ்வுரிமை இடம்பெற்றுள்ளது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துக் காப்புறுதியின்கீழ்க் கொண்டுவரப்பட்டுள்ளனர்.

உரைத்தல்: விடுபட்ட கண்ணி

அறிவு உள்ளது, சட்டம் உள்ளது. ஆயினும் சரிவுகள் தொடர்கின்றன. இரண்டுக்கும் இடையே விடுபட்டிருக்கும் கண்ணி பேச்சாகும். விரிசலை முதலில் காண்பவர் பெரும்பாலும் படிநிலையில் மிகத் தாழ்ந்தவர்: நாட்கூலிக்குத் துளையிடுபவர், எந்திரத்துக்கு வழிகாட்டும் உதவியாள், ஒப்பந்தக்காரரின் கீழ் வந்த வெளிநாட்டவர். அவர் கண்டது பொறியாளரின் காதை அடைய மண்டோர், மேற்பார்வையாளர், மேலாளர் எனப் பல வாயில்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வாயிலிலும் அதைத் தடுத்து நிறுத்தக் காரணங்கள் உண்டு. டன் கணக்கில் கூலி பெறுபவருக்கு நின்றுபோகும் ஒவ்வொரு மணியும் இழப்பு. வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டுண்டிருக்கும் வெளிநாட்டவருக்குக் குறை கூறுவது நாடு திரும்பும் டிக்கெட்டாக முடியலாம்.

மொழியும் ஒரு வாயிலாகும். மலேசியக் குவாரிகளில் மலாய்க்காரர், சீனர், தமிழரோடு நேப்பாளத்தவரும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் கலந்து வேலை செய்கின்றனர். எச்சரிக்கைப் பலகை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து, காலைக் கூட்டம் மூன்றாம் மொழியில் நடந்தால், அது ஒலிபெருக்கியாகுமே தவிர உரையாடல் ஆகாது. தொழிலாளிக்கு விளங்கும் விதத்தில் தகவலும் பயிற்சியும் அளிப்பது முதலாளியின் கடமை என்ற சட்டக் கருத்தை, அவரவர் மொழியில் கூறுவது என்றே பொருள்கொள்வது நியாயமாகும்.

பண்பாட்டுக் காரணமும் ஒன்று உண்டு. தமிழர் அதைத் தம்மிடமே தேட வேண்டும். தலையருகே கல் விழுந்து ஒருவர் மயிரிழையில் தப்பினால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நிம்மதி அடைந்து, திருஷ்டி கழித்து, தேங்காய் உடைத்து, மறுநாள் அதே இடத்தில் வேலையைத் தொடங்குவது வழக்கம். அந்த நன்றியுணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் அந்தத் தலைப்பாகை ஒரு தகவலாகும். தப்பிய நிகழ்வு ஒவ்வொன்றும், உயிர்விலை கொடுக்காமல் கிடைத்த எச்சரிக்கை. அதை ஏட்டில் பதிந்து, எந்தப் படியிலிருந்து, எந்த நேரத்தில், மழைக்குப் பின்னா வேட்டுக்குப் பின்னா என்று கேட்டால், அடுத்த கல் எங்கிருந்து வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். விதி என்று சொல்லி மூடிவிட்டால் அந்த அறிவு அன்றே மறைந்துவிடும்.

உரையாடல் பயனுள்ளதாக அமைய நான்கு ஏற்பாடுகள் போதும். முதலாவது, ஒவ்வொரு வேலைநேரத்தின் தொடக்கத்திலும் அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து பாறை முகத்தின் மேல்விளிம்பையும் அடிவாரத்தையும் நடந்து பார்த்து, கண்டதை அன்றைய குழுவின் முன் சொல்வது. மழைக்குப் பின்னும் வேட்டுக்குப் பின்னும் இந்நடையை மீண்டும் மேற்கொள்வது. இரண்டாவது, அறிவிப்பு மட்டுமே நிகழும் பத்து நிமிடக் கூட்டத்தை, நேற்று எது அச்சுறுத்தியது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் கூட்டமாக மாற்றுவது. மூன்றாவது, கூறப்பட்ட குறைக்கு என்ன செய்யப்பட்டது என்பதைக் கூறியவருக்கே திரும்பச் சொல்வது. பதில் பெறாத குறை இரண்டாம் முறை கூறப்படுவதில்லை. நான்காவது, நிறுத்து என்ற சொல்லை எவர் சொன்னாலும் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு ஆராய்வது. அவர் சொன்னது தவறாகிப்போனாலும் அவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பது.

இதில் கல்வி நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் கனிம வளப் பொறியியலைக் கற்பிக்கிறது. அங்கிருந்து குவாரிக்குச் செல்லும் இளம் பொறியாளர், சரிவின் கோணத்தைக் கணக்கிடக் கற்பதோடு, கல்லைத் தட்டிப் பார்த்தவர் பொக்கு என்று கூறும்போது அது என்ன என்று கேட்கவும் கற்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும், புதிய சட்டத்தின் 26ஏ பிரிவைத் தமிழில் எளிமையாக எழுதி, குவாரித் தொழிலாளர் கைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

முடிவுரை

திறந்தவெளிக் குவாரியின் ஆபத்துகள் புதிரானவை அல்ல. பாறை எவ்வாறு பிளக்கும், மழை அதை எவ்வாறு தளர்த்தும், தூசி எத்தனை ஆண்டுகளில் கொல்லும், லாரி எந்த விளிம்பில் கவிழும் என்பவை எல்லாம் பல தலைமுறைகளின் இழப்பால் அறியப்பட்டவை. பிங்காம் கேன்யனில் ஒருவரும் சாகவில்லை, அடைமிதிப்பான்குளத்தில் நால்வர் மாண்டனர். ஆழமும் கருவியும் இரு இடங்களிலும் வேறாக இருந்தாலும், எச்சரிக்கையைக் கேட்டு வேலையை நிறுத்தும் ஏற்பாடு ஓரிடத்தில் இருந்தது என்பதே அடிப்படை வேறுபாடாகும். அந்த ஏற்பாட்டுக்கு ராடார்தான் வேண்டும் என்பதில்லை.

ஒரு குவாரி பாதுகாப்பானதா என்பதை அதன் சுவரில் மாட்டிய சான்றிதழைக் கொண்டு அளப்பதைவிட, ஓர் எளிய சோதனையால் அளப்பது மேல். நேற்று வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், தம் மொழியில், இந்தக் கல் பொக்காக ஒலிக்கிறது என்று சொன்னவுடன் எந்திரம் நிற்குமானால், அந்தக் குவாரி பாதுகாப்பானது. நிற்காவிட்டால், அங்கே எத்தனை தலைக்கவசங்கள் இருந்தும் பயனில்லை.